அப்கிரேட்டை அமத்த முதல், அப்பா டைப் பண்ணுறதைப் பாருங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் என்ர கூட்டாளி சொன்ன ஒரு விஷயத்துக்கு நான் மைக்குக்கு முன்னால் சரியான பதில் சொல்லவில்லை. "அம்மா அப்பான்ர லப்டொப்பை அப்கிரேட் செய்யேக்க பழைய குப்பை எல்லாத்தையும் தூக்கி எறி. புதுசா தொடங்கு, பிரச்சினையே வராது" என்றான். நான் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். இப்ப ஆறுதலாகச் சொல்கிறேன்: அது பிழை. நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் எங்கட பெரியம்மா தவறிவிட்டா. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதுகிற பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. தெரியாத ஆட்களுக்கு: கல்வெட்டு என்றால் செத்தவரின் வாழ்க்கை, குடும்ப விபரம், தேவாரம், நன்றியுரை எல்லாம் சேர்த்து அடித்து, 31ஆம் நாள் வீட்டுக்கு வாறவைக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம். உங்கட வீட்டு அலுமாரியிலும் நாலைந்து கட்டாயம் இருக்கும்.

அப்பா 20 வருடத்துக்கு மேலாகப் பாமினி முறையில் தட்டுகிறவர். விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். அவர் தட்டுவதை யூனிகோட் தமிழாக மாற்ற ஒரு சின்ன மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். எப்பவோ யாரோ போட்டுக் குடுத்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, "பழைய வேர்ஷனுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது அப்பா" என்று சொல்லி, புதிய இயங்குதளத்தை ஏற்றிவிட்டு நல்ல பிள்ளையாக என்ர வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கள் காலமை போன்.

"தம்பி, அம்மா எண்டு அடிக்க நாலு இங்கிலீசு எழுத்தும் நடுவில ஒரு அரைப்புள்ளியும் வருது. என்ன செய்தனி?"

பாமினியில் மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. பின்னணி மென்பொருள் எழும்பாததால், அப்பா தட்டியது அப்படியே வெறும் ஆங்கில விசையாக விழுந்திருக்கிறது. நான் போனிலேயே வைத்தியம் பார்த்தேன். அந்த மென்பொருளைத் திரும்பப் போடச் சொன்னேன். "ஒண்டு இல்லாட்டி மற்றது வேலை செய்யும்" என்று, இயங்குதளத்தோடு வாற தமிழ் விசைப்பலகையையும் போடச் சொன்னேன். இப்ப ஒரு விசையை ரெண்டு பேர் பிடித்தார்கள். வந்தது தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை.

அடுத்த நாள் அச்சகத்துக்குக் குடுக்கவேண்டும். வேலை முடிந்து நான் போய்ச் சேரும்போது அப்பா ஏழு பக்கம் கையால் எழுதி வைத்திருந்தார். அவர் வாசிக்க, நான் என்ர போனில் தட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "அது பெரிய ற. சின்ன ர இல்லை" என்று திருத்தினார். தன் மச்சாளைப் பற்றி எழுதவேண்டிய நேரத்தில், எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்துக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணிக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ரெண்டில் ஒன்றைக் கழற்றி, மற்றதுக்கு அனுமதி குடுத்து, திரும்பத் தொடக்கினேன். தமிழ் வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது? நாங்கள் பிறகு சேர்க்கிற மென்பொருளில் பெரும்பாலானவை தங்கட பாட்டில் ஒரு ஜன்னலுக்குள் இருப்பவை. அவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் விசைப்பலகைக் கருவி, வைரஸ் தடுப்பான், வீபிஎன், பிரிண்டர் டிரைவர் போன்றவை இயங்குதளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவை. சில கெர்னல் வரைக்கும் போகும். வீட்டின் சுவரை உடைத்துக் குழாய் போட்ட மாதிரி. வீட்டைத் திருத்தினால் குழாய் கழரும்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிப் குறைக்கு விண்டோஸ் திருத்தம் வந்தபோது, சில வைரஸ் தடுப்பான்கள் கெர்னலுக்குள் கைவைத்த விதத்தால் கணினி எழும்பாமல் போகும் நிலை வந்தது. தங்கட தடுப்பான் ஒத்துப்போகும் என்று அதைச் செய்தவர்கள் அடையாளம் வைக்கும்வரை மைக்ரோசொப்ட் அந்தக் கணினிகளுக்குத் திருத்தத்தையே அனுப்பவில்லை. 2019 ஒக்டோபரில் மெக்ஓஎஸ் கட்டலினா 32 பிட் செயலிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. 2024 செப்டெம்பரில் செக்கோயா வந்தபோது சில பாதுகாப்பு மென்பொருட்களோடு மோதி இணைய இணைப்பே தடுமாறியது. அடுத்த மாதம் 15.0.1 வந்துதான் சரியானது.

"அப்ப ஏன் இந்தக் கொம்பனிகள் பழையதை அப்படியே விடக்கூடாது?" என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 19ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, மைக்ரோசொப்டின் கணக்குப்படி ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது. அது அப்கிரேட்கூட இல்லை. கெர்னலுக்குள் வெளியாளை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே போதும். அந்தக் கதவை அவர்கள் மெல்ல மெல்லச் சாத்துவது நியாயம்தான்.

எனக்குள்ள கோபம் வேறு. 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பான், பரீட்சை எழுதுகிற ஒரு பிரவுசர், வோல்பேப்பர் மாற்றுகிற சில செயலிகள் இருந்த கணினிகளுக்குக்கூட அப்கிரேட்டை மைக்ரோசொப்ட் நிறுத்தி வைத்தது. நல்ல விஷயம். நிறையப் பேர் பாவிப்பதால் பிரச்சினை அவர்கள் கண்ணில் படுகிறது. ஆனால் யாரோ ஒரு தமிழர் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் குடுத்த தட்டச்சுக் கருவிக்கும் யாராவது அப்படிக் காவல் நிற்பார்கள் என்று நான் நம்பி இருக்கமாட்டேன். அந்தக் காவல் நாங்கள்தான். வீட்டில் அந்தப் பொத்தானை அமத்துகிற ஆளும் நாங்கள்தானே.

அதனால்தான் "குப்பையைத் தூக்கி எறி" என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் லப்டொப்பில் இருந்த எந்த மென்பொருளின் பெயரும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குக் குப்பையாகத் தெரிந்த ஒன்றில்தான் அவருடைய 20 வருட விரல் பழக்கம் தங்கியிருந்தது. அதே நேரம், "ஒண்டையும் தொடாதை, ஓடுறது ஓடட்டும்" என்பதும் பதில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அம்மா அப்பா பாங்க் வேலை பார்க்கிற கணினியை அப்படி விட ஏலாது.

என்ர யோசனை சின்னது. அப்கிரேட் செய்ய முதல், நிறுவிய மென்பொருட்களின் பட்டியலைப் பார்க்காதீர்கள். அதில் எண்பது பெயர் இருக்கும், ஒன்றும் விளங்காது. ஒரு தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, அவர்கள் வழக்கமாகச் செய்கிறதைச் செய்யச் சொல்லுங்கள். கடிதம் தட்டட்டும், பிரிண்ட் எடுக்கட்டும், ஊர்ச் சங்கக் கணக்கைத் திறக்கட்டும். இருபது நிமிடம் போதும். நடுவில் என்னென்ன வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பாருங்கள்: புதிய இயங்குதளத்துக்குப் பதிப்பு வந்திருக்கிறதா, இயங்குதளத்துக்குள்ளேயே அது இருக்கிறதா? தமிழ்99 இப்ப விண்டோஸிலும் மெக்கிலும் கூடவே வருகிறது. விண்டோஸில் ஒலிப்பு முறையும் உண்டு. பாமினிக்காரருக்கு அது போதாது. பழகச் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே வேலைக்கு ரெண்டு கருவி வேண்டாம். காலாவதியான வைரஸ் தடுப்பானை முதலே கழற்றுங்கள். கோப்புகளை வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போனால் வழக்கமாகப் பத்து நாளுக்குள் பழையதுக்குத் திரும்பலாம். மெக்கில் அப்படிச் சுகமான வழி இல்லை, டைம் மெஷின் பக்கப் முதலே இருக்கவேண்டும்.

கடைசியாக, ஏற்றிவிட்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். அவர்கள் ஒரு பக்கம் தட்டி முடிக்கும்வரை நில்லுங்கள்.

அந்தக் கல்வெட்டு நேரத்துக்கு வந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு ர, ற பிழை இருக்கிறது. நான் தட்டின பக்கம் அது. அப்பா கண்டவர், இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

உங்கட வீட்டில் எந்த மென்பொருள் இல்லாவிட்டால் அம்மாவோ அப்பாவோ போன் எடுப்பார்கள்? இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ. அடுத்த எபிசோடில் கதைப்பம், கூட்டாளியும் பதில் சொல்லத்தான் வேணும்.