கருவறைக்கு வெளியே உள்ள கதவு

யேர்மனிய மண்ணில் எம்மவர் கட்டியெழுப்பியவை பெரும்பாலும் எம்மவர் பணத்தாலேயே எழுந்தன. ஆலயங்கள், தமிழாலயங்கள், விளையாட்டுக் கழகங்கள் ஆகிய அனைத்தின் பின்னாலும் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு பகலாக உழைத்த கைகள் உள்ளன. யாரிடமும் கையேந்தாமல் வளர்ந்தோம் என்பது எமது பெருமை. ஆயினும், நாம் வரி செலுத்தும் மாநிலம் இதே பணிகளுக்கென ஒதுக்கும் நிதியைக் கேட்டுப் பெறாமல் விடுவது பெருமையாகாது. அது உரிமையைத் தவறவிடுவதாகும்.

எம்மவர் செறிந்து வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் இதில் முன்னோடியானது. நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, றூர் பிரதேசத்தின் பல குடியிருப்புகள் வேலையின்மையால் நலிந்தன. அவற்றைச் சீரமைக்க 1993 இல் மாநில அரசு தனித் திட்டம் வகுத்தது. 1999 இல் இது 'சமூக நகரம்' எனும் பெயரில் நாடு தழுவிய திட்டமாயிற்று. 2020 முதல் 'சமூக ஒற்றுமை' என்ற பெயரில் தொடர்கின்றது. நடுவண் அரசும் மாநிலமும் நகரசபையும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. தெருக்களும் பூங்காக்களும் மட்டுமன்றி, சந்திப்பு நிலையங்களும் இளையோர் பணிகளும் இதனால் பயனடைகின்றன.

இதனை நன்கு பயன்படுத்தியோருக்கு டுயிஸ்பேர்க் மார்க்ஸ்லோ ஓர் எடுத்துக்காட்டு. அங்கு துருக்கிய சமூகத்தவர் கட்டிய பெரிய பள்ளிவாசல் 2008 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. தொழுகை மண்டபத்தை அவர்கள் தமது நன்கொடைகளால் எழுப்பினர். அதனோடிணைந்த சந்திப்பு நிலையத்திற்கோ மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏறத்தாழ 32 இலட்சம் யூரோ வழங்கின. வழிபாட்டிற்கு அரசு பணம் தராது; அயலவர் அனைவருக்கும் திறந்த மண்டபத்திற்குத் தரும். இந்த வேறுபாட்டை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்து, தேவாலயத்தினரையும் அயலவரையும் ஆலோசனைக் குழுவில் அமர்த்தினர்.

எமக்கும் பெருமைமிகு சான்று உண்டு. ஹம் நகரின் தொழிற்பேட்டையொன்றில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழா, ஆண்டுதோறும் பல்லாயிரம் மக்களை அந்நகருக்கு ஈர்க்கின்றது. ஆனால், தேர் இழுக்கும் நாளில் எம்மை வியந்து பார்க்கும் அயலவர் ஏனைய நாட்களில் எம் சங்கங்களின் வாசற்படி ஏறுகின்றனரா? இக்கேள்வியை ஊர்தோறும் உள்ள எமது அமைப்புகள் யாவும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிதியைப் பெறும் வழி கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். சங்கம் முறைப்படி பதிவாகி, பொதுநல அமைப்பென வரி அலுவலகத்தின் ஏற்பைப் பெற்றிருக்க வேண்டும். பணி தொடங்குமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும். தொடங்கிவிட்ட பணிக்குப் பொதுவாக நிதி கிடைப்பதில்லை. செலவின் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும். ஒவ்வொரு செலவிற்கும் பற்றுச்சீட்டுடன் கணக்குக் காட்ட வேண்டும்.

இங்குதான் எமது குறை வெளிப்படுகின்றது. விண்ணப்பத்தின் மொழி யேர்மன். அம்மொழியில் கற்று, சட்டமும் பொருளியலும் பயின்ற எம் பிள்ளைகள் மேடையில் நடனமாட அழைக்கப்படுகின்றனர். நிர்வாகக் கூட்டத்திற்கு அழைக்கப்படுவதில்லை. கணக்கைக் கேட்கும் இளைஞரை மரியாதையற்றவர் எனக் கருதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அரசு கேட்கும் கணக்கு அவர்கள் கேட்கும் அதே கணக்குத்தான்.

'அரசின் பணம் வந்தால் அரசின் பிடியும் வரும்' என மூத்தோர் அஞ்சுவதுண்டு. ஓர் அரசால் துரத்தப்பட்டு வந்தோருக்கு இவ்வச்சம் இயல்பே. ஆயினும் திட்ட நிதி அத்திட்டத்திற்கு மட்டுமே உரியது. கவலைப்பட வேண்டியது வேறொன்று. அந்நிதி குறித்த காலத்தோடு நின்றுவிடும். எனவே, ஆலயத்தின் அன்றாடச் செலவும் தமிழ்க் கல்வியின் அடித்தளமும் எம் சொந்தக் காலிலேயே நிற்கட்டும். வீட்டுப்பாட உதவி, முதியோர் சந்திப்பு, தொழிற்பயிற்சி வழிகாட்டல் போன்ற புதிய பணிகளுக்கு அரசின் கையைப் பற்றுவோம்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குத் தாய்மொழிக் கல்வியே சான்று. இம்மாநிலத்தின் அரச பாடசாலைகளில் மாநில ஊதியம் பெறும் ஆசிரியர்களால் தாய்மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் தமிழும் ஒன்று. தொடக்க நிலையில் 15, இடைநிலையில் 18 மாணவர் சேர்ந்தால், ஆசிரியர் கிடைக்கும் இடத்தில் வகுப்பு அமையலாம். அதற்குப் பெற்றோரின் விண்ணப்பம் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இரு நிர்வாகப் பொறுப்புகளையேனும் இங்கு வளர்ந்த பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். கணக்கேட்டையும் அவர்கள் முன் திறந்து வையுங்கள். இளையோரே, மூத்தோர் கட்டியதைக் குறைகூறி விலகாதீர்கள். நகரசபையின் கதவைத் தட்டும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். விருந்தினராக வந்தோர் கேட்கத் தயங்கலாம். இந்நகரங்களைத் தம் ஊரெனக் கொண்டோர் தயங்க வேண்டியதில்லை.