"புள்ள வீட்டுலயே படிக்குது": எந்த வீட்டுல?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ஹாலிஎல டவுன்ல பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க தோட்டத்துல பிறந்து, கொழும்புல கொஞ்ச காலம் வேலை செஞ்சு, இப்போ டவுன் பக்கம் வீடு எடுத்து இருக்கிற ஒரு அக்கா பக்கத்துல வந்து நின்னாங்க. சுகம் விசாரிச்சு முடிஞ்சதும் நேராவே கேட்டாங்க: "தம்பி, நீ கோயில் மண்டபத்துல புள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கிறவன்தானே. மகனை ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டி வீட்டுலயே படிக்க வைக்கலாம்னு இருக்கேன். நீ என்னா நினைக்கிற?"

"அதெல்லாம் சரிவராதுக்கா"ன்னு உடனே சொல்லிட்டேன்.

"ஏன் சரிவராது?"

பதுளை பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன். உண்மையைச் சொன்னா, பஸ் வந்தது எனக்கு வசதியாப் போச்சு. அவங்க கேட்ட "ஏன்"னுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஸ்கூலுக்குப் போகணும், அவ்வளவுதான், அதுல என்ன கேள்வின்னுதான் நானும் வளர்ந்தவன். அன்னையில இருந்து யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த அக்காவோட பக்கத்தைச் சொல்லணும். மகனுக்கு ஒன்பது வயசு. திக்கிப் பேசுவான். வகுப்புல எழும்பி வாசிக்கச் சொன்னா மத்தப் புள்ளைங்க சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனா அவனுக்கு வயித்து வலி வந்துரும், திங்கட்கிழமை லீவு போட்டா பத்து மணிக்கெல்லாம் சரியாகிரும். இதுக்கு மேல புலமைப்பரிசில் பரீட்சைக்குன்னு ரெண்டு இடத்துல கிளாஸ். வீட்டுல இருக்கிற நாள்ல தம்பி நல்லா வாசிக்கிறான், கணக்கு போடுறான், கேள்வி மேல கேள்வி கேக்குறான். அக்கா ஏ.எல் பாஸ் பண்ணவங்க. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, இன்டர்நெட் இருக்கு. "நான் சொல்லிக்குடுக்கிறப்போ படிக்கிறவன் அங்க போனா ஏன் ஊமையாகணும்?"னு அவங்க கேக்குறதுல என்ன பிழை இருக்கு?

பிழை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வின்னு சொல்ற விஷயத்தோட பெரிய நன்மையே இதுதான். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே வேகத்தில் பாடம் நடத்தும்போது முன்னால் போகிறவனும் பின்னால் நிற்கிறவனும் தவிக்கிறார்கள். வீட்டில் அந்தப் பிள்ளையின் வேகத்தில் போகலாம். பயம் இல்லை, கேலி இல்லை, அடி இல்லை. அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் என்ற ஆசிரியர் 1977இல் இதற்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். பிள்ளைகள் இயல்பாகவே கற்கிறார்கள், பாடசாலையின் பயம்தான் அதைக் கெடுக்கிறது என்பதுதான் அவருடைய வாதம். இன்று அங்கே 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், பிள்ளைக்குத் தகுந்த கல்வி கொடுப்பது பெற்றோரின் கடமை, அது பாடசாலை வழியாகவும் இருக்கலாம், வேறு வழியாகவும் இருக்கலாம் என்கிறது.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனது. பல விதமான மனிதர்களோடு பழகுவதும் கல்விதான் என்ற ஜெர்மனியின் நியாயத்தை 2006இல் அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற மாதிரித்தான் தெரியுது. ஆனா இதெல்லாம் வேற நாட்டுக் கதை. ஊவாவுல இருக்கிற நாம தூரத்துல தேட வேண்டியதில்லை. நம்ம கண் முன்னாலயே ஒரு பெரிய பரீட்சை நடந்து முடிஞ்சிருக்கு.

2020 மார்ச்சில் கொரோனாவால் நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2021 ஒக்டோபரில் 200 பிள்ளைகளுக்குக் குறைவான ஆரம்பப் பாடசாலைகளைத்தான் முதலில் திறந்தார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2022இல் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை என்று மறுபடி பூட்டு. யாரும் விரும்பிக் கேக்காமலே எல்லாப் பிள்ளைக்கும் வீட்டுக்கல்விதான்.

அப்போ பதுளை மாவட்டத்துல நடந்ததை உலகமே பார்த்துச்சு. லுணுகலைப் பக்கம் சிக்னலுக்காகக் காட்டுக்குள்ள மரத்து மேல முப்பது அடி உயரத்துல கட்டின பரண்ல ஏறி உக்காந்து பிள்ளைகள் படிச்சாங்க. பொஹிட்டியாவ கிராமத்துல ஒரு டீச்சரும் பிள்ளைகளும் புதருக்குள்ள நடந்து மலை உச்சிக்குப் போய் பாடத்தை இறக்கினாங்க. வெளிநாட்டுப் பத்திரிகைகள்ல அந்தப் படங்கள் வந்தப்போ எல்லாரும் "என்ன ஒரு ஆர்வம்"னு பாராட்டினாங்க. ஆர்வம்தான். ஆனா ஒரு பாடத்துக்காக மரம் ஏற வேண்டி வந்ததை யாரு கேட்டா?

லயத்துல எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியும். ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, அதுல ஏழெட்டுப் பேர். போன் ஒண்ணு இருந்தா அது அப்பாவோட வேலைக்குப் போயிரும். மூணு புள்ளைங்களுக்கும் ஒரே நேரத்துல வாட்ஸ்அப்ல பாடம் வரும். தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021 மார்ச்சுலதான், அதுல டேட்டாவுக்கு எவ்வளவு போட முடியும்? டிவியில தமிழ்லயும் பாடம் போச்சு, 'குருகெதர'ன்னு பேர். சிங்களத்துல 'ஆசிரியரின் வீடு'ன்னு அர்த்தம். பேர் அழகுதான். பாடம் நேரத்துக்கு வரும், ஆனா திருப்பிக் கேள்வி கேக்க முடியாதே. அம்மா காலையில கொழுந்துக்குப் போனா பொழுது சாயத்தான் வருவாங்க. வந்து "இன்னைக்கு என்னா படிச்ச?"னு கேக்கவே சீவன் இருக்காது. அம்மா மேல பிழை சொல்ல நான் வரல. வீட்டுக்கல்விக்கு புத்தகத்தை விட, கம்ப்யூட்டரை விட, முதல்ல தேவைப்படுறது வீட்டுல நேரமுள்ள ஒரு பெரியாள். நம்ம லயத்துல இல்லாததும் அதுதான்.

எங்க லயத்துல ஒரு தங்கச்சி இருந்தா. 2020ல தரம் 8. நல்லாப் படிப்பா, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஸ்கூல் மூடின காலத்துல தம்பியைப் பார்த்துக்கிட்டா, சோறாக்கினா. திரும்பத் திறந்தப்போ அவ வரல. நான் அவங்க அம்மாகிட்ட கேட்டேன். "வீட்டுல இருந்தே படிக்கிறா தம்பி"ன்னாங்க. நானும் சரின்னுட்டு வந்துட்டேன். கொஞ்ச நாள்ல அவ கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிட்டதாக் கேள்விப்பட்டேன். வீட்டு வேலைக்குப் போன மலையகச் சிறுமி ஒருத்தியோட மரணம் நாட்டையே உலுக்குனதும் அந்த 2021லதான். அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இவதான். நல்ல வேளை, அவளுக்கு அப்படி ஒண்ணும் ஆகல. ஆனா ஓ.எல் எழுதல. அந்த அழகான கையெழுத்துல இப்போ கடைக் கணக்கு எழுதுறா.

டவுன்ல அந்த அக்கா சொன்னதும் "வீட்டுல படிக்க வைக்கிறேன்"தான், லயத்துல இந்த அம்மா சொன்னதும் "வீட்டுல படிக்கிறா"தான். வாக்கியம் ஒண்ணு. வீடுதான் வேற. வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதான்னு பொதுவாக் கேட்டா பதில் கிடைக்காதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

நம்ம பக்கத்துல ஸ்கூல்ங்கிறது பாடத்துக்கு மட்டும் இல்லை. 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் பிள்ளைக்கு அங்கேதான் கிடைக்குது. தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கப் போடுற தடுப்பூசி 2017 முதல் பாடசாலை வழியாத்தான் வருது. கரும்பலகை தெரியாம கண்ணைச் சுருக்குற புள்ளைக்குக் கண்ணாடி தேவைன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் ஒரு டீச்சர். கையில காயம் இருந்தா "எப்படி வந்துச்சு?"னு கேக்குறதும் அவங்கதான். தோட்டத்துல பிறந்த ஒரு பிள்ளையை, தோட்டத்துச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய மனுசர் தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுற ஒரே இடம் ஸ்கூல்தான்.

அந்த இடத்துக்கு வந்து சேரவே நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு காலம் ஆச்சு! 1907இல் வந்த சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மேல் வைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் கொழுந்து எடுக்க யார் வருவார்கள் என்று நினைத்தவர்களிடமே அந்தப் பொறுப்பு! 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ வெளியிலேயே நின்றன. 1970களில் தொடங்கித்தான் அரசு அவற்றைப் பொறுப்பெடுத்தது. நம் தாத்தா பாட்டிமார் பலருக்குக் கிடைத்ததும் ஒருவகை வீட்டுக்கல்விதான்: லயத்து இஸ்தோப்பில், நாலெழுத்துத் தெரிந்த ஒருவரிடம், வேலை முடிந்த நேரத்தில். அதை அவர்கள் விரும்பித் தெரிவு செய்யவில்லை.

"கஷ்டப்பட்டு வாங்கினதுன்னா, அடியும் கேலியும் சேர்த்தா பொறுத்துக்கணும்?"னு அக்கா கேப்பாங்க. கேக்கவும் வேணும். இல்லை, பொறுத்துக்க வேண்டியதில்லை. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத ஸ்கூல் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. ஸ்கூலுக்குப் போறதுதான் முக்கியம்னு சொல்லிச் சொல்லியே, அங்க என்ன நடக்குதுன்னு கேக்குறதை நாம விட்டுட்டோம்.

அதனால என் நிலைப்பாட்டை இப்படி வைக்கிறேன். வீட்டுக்கல்வியைத் தடை செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். இலங்கைச் சட்டம் 5 வயசுல இருந்து 14 வரைன்னு இருந்த கட்டாயக் கல்வியை 2016ல 16 வரை நீட்டிச்சிருக்கு. அது காகிதத்துல நிக்காம, ஸ்கூலை விட்டு நிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பதிவாகணும். வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து தவணைக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் அந்த வீட்டுக்கு வரணும். என்ன படிக்கிறான், யார் சொல்லித்தர்றாங்கன்னு பார்க்கணும், பிள்ளைகிட்டத் தனியாப் பேசணும். எப்போ வேணும்னாலும் அபராதமோ அவமானமோ இல்லாம திரும்ப ஸ்கூலுக்கு வர்ற வழி திறந்து இருக்கணும். டவுன்ல இருக்கிற அக்காவுக்கு இது கொஞ்சம் தொல்லையா இருக்கும். ஆனா அதே பதிவுலதான் லயத்துல காணாமப் போற தங்கச்சியும் கண்ணுல படுவா. ஒருத்தருக்குக் கிடைக்கிற சுதந்திரத்தோட பேர்ல இன்னொருத்தி மறைஞ்சு போகக் கூடாது.

அக்காவைப் போன கிழமை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பஸ்ஸை விட்டுட்டுப் பேசினேன். "நீங்க வீட்டுல சொல்லிக்குடுக்க முடியும்க்கா, அதுல சந்தேகம் இல்லை. ஆனா நிப்பாட்டுறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் செய்ங்க. வகுப்பு டீச்சர்கிட்ட அவனை எழும்பி வாசிக்கச் சொல்ல வேணாம், தனியாக் கேளுங்கன்னு சொல்லிப் பாருங்க. பதுளை பெரிய ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சிக்கு விசாரிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் அவன் பயந்தா, நிப்பாட்டுங்க, நான் உங்க பக்கம்தான். ஆனா அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, அவனுக்கு அங்க ஒரு கூட்டாளியாவது இருப்பான்." அக்கா ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் யோசிச்சுட்டு, "உன் கிளாஸுக்கு அனுப்பட்டுமா?"னு மட்டும் கேட்டாங்க.

சனிக்கிழமை வந்தான். எட்டுப் புள்ளைங்க, வட்டமா உக்காந்து வாசிச்சாங்க. அவன் முறை வந்தப்போ திக்கினான், யாரும் சிரிக்கல, முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. வீட்டுல கிடைக்கிற பொறுமையை வெளியிலயும் கொடுக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை வந்தது அன்னைக்குத்தான். ஒரு மண்டபம், சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம், ஓ.எல் முடிச்ச நாலு பேர். உங்க தோட்டத்துலயும் இது முடியும்.

இன்னொண்ணையும் கேக்குறேன். உங்க லயத்துல யாராவது "புள்ள வீட்டுலயே படிக்குது"ன்னு சொன்னா, என்னை மாதிரி சரின்னுட்டு வந்துறாதீங்க. எந்தப் புத்தகம் படிக்குது? யார் சொல்லித்தர்றாங்க? கடைசியா எப்போ வாசிச்சதைக் கேட்டீங்க? இந்த மூணையும் மரியாதையோட, குத்தம் சொல்ற தொனி இல்லாமக் கேளுங்க. நான் அன்னைக்கு ஒண்ணுகூடக் கேக்கல.