வாதம் கோப்பைக்கா, நீதிக்கா?

சட்டம் பயிலும் மாணவர்க்கு ‘மாதிரி நீதிமன்றம்’ என்றொரு பயிற்சி உண்டு. நடவாத வழக்கொன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, ஒருசாரார் வாதியின் பக்கமும் மற்றொருசாரார் பிரதிவாதியின் பக்கமும் நின்று, நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருப்போர்முன் வாதிடுவர். இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008ஆம் ஆண்டில் வகுத்த சட்டக் கல்வி விதிகள், மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டொன்றில் மூன்று முறையேனும் இவ்வாறு வாதிட வேண்டும் என்கின்றன. முறைக்குப் பத்து மதிப்பெண். எழுத்து வாதுரைக்குப் பாதி, நாவாதத்திற்குப் பாதி.

இந்தப் பயிற்சியே வளர்ந்து போட்டியாகிவிட்டது. 1960இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் தொடங்கிய ஜெஸப் பன்னாட்டுச் சட்டப் போட்டி இவற்றுள் புகழ்பெற்றது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மாணவர்கள் 1999இலும் 2013இலும் அதில் வாகை சூடினர். அந்தப் புகழின் நிழல் இன்று நம் ஊர்ப்புறங்கள்வரை நீண்டுள்ளது. சேலத்தில் 1980களிலிருந்தே தனியார் சட்டக் கல்லூரி இயங்கி வருகிறது. 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் பிறந்தன. விசைத்தறி ஓட்டுவோர், லாரி ஓட்டுவோர், கோழிப்பண்ணையில் கூலி பெறுவோர் ஆகியோரின் பிள்ளைகள் கறுப்பு அங்கி அணியும் காலம் கனிந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் கையில் நாம் கொடுப்பது எத்தகைய பயிற்சி என்பதே நமது வினா.

முதற்கண் நம் வீட்டுப் பெரியோர் சிலரின் ஐயத்தைக் களைவோம். ‘இன்று ஒரு பக்கம் பேசிவிட்டு நாளை எதிர்ப்பக்கம் பேசுவதா? இது பொய்யுரைக்கப் பழக்கும் கூடமன்றோ?’ என்கிறார்கள் அவர்கள். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

நடவாததை நடந்ததாக வைத்துச் சட்டம் ஆராயும் முறை, இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் கூஃபா அவையில் அன்றாட வழக்கமாக இருந்தது. கதாதா (ரஹ்) அவர்கள் கூஃபாவுக்கு வந்தபோது, காணாமற்போன கணவன் இறந்தானென எண்ணி மனைவி மறுமணம் செய்தபின் அவன் திரும்பி வந்தால் சட்டம் யாது என இமாமவர்கள் வினவினார்கள். ‘இது நடந்ததா?’ என்று கேட்டார் விருந்தினர். நடக்கவில்லை என்றறிந்ததும், நடவாததை ஏன் கேட்கிறீர் என்று கடிந்தார். துன்பம் வருமுன்னரே அதனை எதிர்கொள்ளும் வழியை ஆயத்தம் செய்கிறோம் என்பதே இமாமவர்களின் விடையாய் இருந்தது என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மாதிரி நீதிமன்றத்திற்கு இதனினும் சிறந்த நியாயம் வேறென்ன வேண்டும்?

இருபக்கமும் பேசுதல் பொய்யாகாதா என்ற வினாவுக்கும் விடை உண்டு. கற்பனை வழக்கென்று எல்லோரும் அறிந்த இடத்தில் எவரும் எவரையும் ஏமாற்றுவதில்லை. மேலும், எதிர்ப்பக்கத்தின் சொல்லைக் கேளாமல் தீர்ப்புரைக்கலாகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது கற்பித்த பாடம். எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தறியாதவன் தன் பக்கத்தையும் முழுமையாக அறிந்தவனாகான்.

பயிற்சியை ஏற்கும் நாம், அது போட்டியாகிப் போகும் போக்கை ஏற்கவில்லை. வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராய் இருக்கக்கூடும் என்றும், அச்சொல்லைக் கேட்டுப் பிறரது உரிமையைத் தாம் ஒருவருக்கு அளித்துவிட்டால், அவர் கொள்வது நெருப்பின் ஒரு துண்டே என்றும் நபிகள் நாயகம் எச்சரித்தார்கள். எவரோடு வாதிட்டபோதும் உண்மை தம் நாவில் வெளிப்பட்டாலும் எதிராளியின் நாவில் வெளிப்பட்டாலும் சரியே என்ற எண்ணத்துடன் வாதிட்டவர்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). நம் மதரஸாக்களில் ‘முனாளரா’ எனும் வாதக்கலையைப் பயிற்றும்போது முதலில் கற்பிப்பது இந்த ஒழுக்கத்தைத்தான். கோப்பையையே குறியாகக் கொண்ட போட்டியில் இவ்வொழுக்கத்திற்கு இடமெங்கே? நடையுடை பாவனைக்கும் நேரம் தவறாமைக்கும் ஆங்கில உச்சரிப்புக்கும் கிடைக்கும் மதிப்பு, ஏழையின் உரிமை எங்கே தொலைகிறது என்று கண்டறியும் கூர்மைக்குக் கிடைக்கிறதா?

போட்டிகளின் பெருங்குறை ஒன்றைச் சுட்டுவோம். அவை பெரும்பாலும் மேல்முறையீட்டு வாதங்கள். வழக்கின் நிகழ்ச்சிகள் முன்கூட்டியே அச்சிட்டுத் தரப்படும். அவற்றை இருதரப்பும் ஏற்றாக வேண்டும். சட்டத்தைப் பற்றி மட்டுமே வாதம். ஆனால் நம் ஊர் நீதிமன்றத்தில் ஏழை தோற்பது சட்டத்தில் அன்று. நிகழ்ச்சியை மெய்ப்பிக்க இயலாமையால்தான்.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக் காட்டுவோம். நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர்; வயது 34. மற்றொரு வண்டியின் பிழையால் நேர்ந்த விபத்தில் மாண்டார். அவரை நம்பியிருந்தோர் தாய், மனைவி, இரு குழந்தைகள் என நால்வர். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் இழப்பீட்டுக் கணக்கை வரையறுத்துள்ளது. நிலையான அரசுப்பணி போன்றதல்லாத இவ்வேலைக்கு, வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும்; அவரது சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும்; ஆண்டுத் தொகையை 16ஆல் பெருக்க வேண்டும். மாத வருவாய் 15,000 ரூபாய் என்று மெய்ப்பித்தால் அக்குடும்பத்திற்கு 30,24,000 ரூபாய். 10,000 ரூபாய் என்றே நீதிமன்றம் முடிவு செய்தால் 20,16,000 ரூபாய். சட்டம் இரண்டிலும் ஒன்றே. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட வேறுபாடு எதனால் வந்தது? சம்பளத்துடன் பேட்டாவும் பெற்றார் என்பதை லாரி உரிமையாளரின் வாயிலிருந்தும் கணக்கேட்டிலிருந்தும் வெளிக்கொணரத் தெரிந்த வழக்கறிஞர் வாய்த்தாரா இல்லையா என்பதனால்! அந்த விசாரணையைப் பழக்காத போட்டியால் அவ்விதவைக்கு என்ன பயன்?

அவ்விசாரணை எந்த மொழியில் நடக்கும்? சாட்சி சேலத்துத் தமிழில் பேசுவார்; குறுக்கு விசாரணையும் தமிழில்தான். 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டமும், 1976இல் அதிற்செய்த திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிதிறந்தன. ஆயினும் போட்டி மேடையில் ஆங்கிலமே அரசோச்சுகிறது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்த மாணவி, அறிவிருந்தும் நா எழாமல் பின்வரிசைக்குப் போகிறாள்.

‘உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாயிற்றே; அதைப் பழக வேண்டாமா?’ என்பார்க்கு நமது விடை: பழகட்டும், நன்றாகப் பழகட்டும். அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு ஆங்கிலத்தை அங்கே நிறுத்தியுள்ளது. தமிழையும் அங்கு ஏற்க வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அந்நிலை மாறவில்லை. ஆயின் உயர் நீதிமன்றம் ஏறும் வழக்குக்கு அடித்தளம் கீழ் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட சாட்சியம். அடித்தளத்தைத் தமிழில் இடத் தெரியாதவன் மாடியை ஆங்கிலத்தில் கட்டி யாரைக் குடிவைப்பான்?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, விதிகள் கூறும் மூன்று வாதங்களில் ஒன்றேனும் தமிழில், சாட்சிகளைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் விசாரணை வழக்காக நடைபெறட்டும். இரண்டாவது, வழக்குகள் இம்மண்ணிலிருந்து பிறக்கட்டும். விசைத்தறிக்காரரின் கடன், சவ்வரிசி ஆலையின் கழிவுநீர், ஆழ்துளைக் கிணற்று வண்டியில் கையிழந்த தொழிலாளியின் இழப்பீடு, இவற்றில் இல்லாத சட்டமா?

மூன்றாவது நம் சமுதாயத்தைப் பற்றியது, சற்றுக் கசக்கும். இராசிபுரத்துப் புஞ்சையை விட்டு இறந்த ஒருவரின் மகள் பங்கு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விளைநிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்கின்றனர் சகோதரர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியிருந்தது மெய்யே. ஆனால் சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. திருமறை விதித்த பங்கை நாட்டின் சட்டமும் தாங்கி நிற்க, நம் வீடுகளில் சிலர் அதனை மறைக்கிறார்கள். இந்த வழக்கை மாதிரி நீதிமன்றத்தில் நம் பெண்மக்கள் வாதிடட்டும். ஜமாஅத்துப் பெரியோரும் ஆலிம்களும் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். கோப்பை வாங்கக் கொடுக்கும் பணத்தை அவர்களுக்குச் சட்ட நூல்களாக வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ போட்டியில் வென்று வந்தால் வாழ்த்துங்கள். வாழ்த்திய கையோடு ஒன்று கேளுங்கள்: ‘நீ பேசிய பேச்சால் யாருடைய உரிமை யாருக்குப் போய்ச் சேரும்?’ அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையே நாளை நீதிமன்றத்தில் நமக்காக நிற்கத் தக்கவன். நெருப்பின் துண்டை எவர் கையிலும் வைக்காத நாவை வல்ல இறைவன் நம் மக்களுக்கு அருள்வானாக.