லண்டன் பட்டமும் கறுப்பு அங்கியும்

மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் படிப்பில் கெட்டிக்காரியான பெண் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. பெண்ணுக்கு வக்கீலாக ஆசை. வெளியூர் விடுதிக்கு அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. லண்டன் சர்வகலாசாலையின் எல்.எல்.பி. பட்டத்தை வீட்டிலிருந்தபடியே படித்துப் பெறலாமென்று யாரோ சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அப்பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நலம்.

லண்டன் சர்வகலாசாலை 1836-ல் ஏற்பட்டபோது பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. பாடம் சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு. 1858-ல் கிடைத்த புதிய சாசனம், எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களுக்கும் பரீட்சை மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டது. 1921-ல் தொடங்கிய கொழும்பு யூனிவர்ஸிடி காலேஜ், 1942-ல் இலங்கைக்கென்று தனிச் சர்வகலாசாலை உண்டாகும் வரையில், தன் மாணவர்களை லண்டன் பரீட்சைகளுக்கே தயார் செய்து வந்தது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகம் 1918-ல் பெற்ற விஞ்ஞானப் பட்டமும் இவ்வாறு வெளி மாணவராக எழுதிப் பெற்றதுதான். ஆனால் வக்கீலாவதற்கு அவர் இலங்கைச் சட்டக் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. நெல்ஸன் மண்டேலா சிறையிலிருந்தவாறே லண்டன் சட்டப் பட்டத்துக்குப் படித்தார். 1989-ல், சிறைவாசம் முடியுமுன்பே, அவர் பெற்ற சட்டப் பட்டமோ தென் ஆப்பிரிக்க சர்வகலாசாலை அளித்தது!

படிப்பு லேசானதென்று யாரும் எண்ண வேண்டாம். பன்னிரண்டு பாடங்கள், மூன்று வருஷத்தில் முடிக்கலாம், ஆறு வருஷம் வரை நீட்டலாம். முதல் வருஷத்திலேயே குற்றச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் வந்துவிடுகின்றன. ஒப்பந்தப் பாடத்தில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. தன் புகை உருண்டையை முறைப்படி உபயோகித்தும் இன்புளூயன்ஸா கண்டால் நூறு பவுன் தருவதாக ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. ஒரு சீமாட்டி வாங்கி உபயோகித்தாள், ஜுரமும் வந்தது. விளம்பரம் வெறும் பேச்சு என்று கம்பெனி வாதாடியும் பயனில்லை. 1892-ல் மேல் கோர்ட்டிலும் சீமாட்டியே ஜயித்தாள். தோல் ஏற்றுமதி செய்து சீமைக் கம்பெனிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய பாடம் வீண் போகாது.

இனித் தடைக்கு வருவோம். நம் நாட்டுக் கோர்ட்டுகளில் வக்கீலாகத் தொழில் நடத்த, 1961-ம் வருஷத்து அட்வகேட் சட்டப்படி மாகாண பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு வகுப்பில் உட்கார்ந்து படித்த பட்டம் வேண்டுமென்று இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருஷத்து விதிகள் வற்புறுத்துகின்றன. அன்னிய தேசத்துப் பட்டமானால், அது அங்கீகாரம் பெற்றதாக இருப்பதோடு, இங்கே ஒரு தகுதிப் பரீட்சையும் தேற வேண்டும். வீட்டிலிருந்தே படித்த பட்டத்துக்கு அந்த வாசலும் கிடையாது. லண்டன் மீது மட்டும் உள்ள துவேஷமல்ல இது. கல்கத்தா சர்வகலாசாலையில் வகுப்புக்குப் போகாமல் சட்டப் பரீட்சை எழுதித் தேறிய ஒரு பெண்மணியின் வழக்கில், அவரைப் பதிவு செய்ய இயலாதென்றே 1994-ல் சுப்ரீம் கோர்ட் முடிவு சொல்லிற்று. வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்கு இவ்விதி கடுமையென்பது என் அபிப்பிராயம். ஆயினும் விதி மாறும் வரையில் அதை அறியாதவர் போல நடக்க இயலாது.

இதனால் ஆங்கிலச் சட்டம் நமக்கு ஒவ்வாதென்று தள்ளவும் வேண்டாம். பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப்புகளைப் பற்றி வேலூர்ப் பிரஜைகள் சங்கம் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புக் கூறியபோது பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்ட பண்டிதர் பிளாக்ஸ்டனையும் மேற்கோள் காட்டியது. அயலாருக்குத் தொல்லை தரும் தொழில்களை வரிசைப்படுத்திய அவர், தோல் பதனிடுபவரையும் அதில் சேர்த்திருக்கிறார்! இந்தியச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் அந்த வழக்கு நம் ஆற்றங்கரையில் பிறந்ததாகும்.

ஆகவே, குடும்ப வியாபாரத்தின் ஒப்பந்தங்களைக் கவனிக்கவோ, அன்னிய நாட்டில் மேற்படிப்புப் படிக்கவோ விரும்புகிறவர் லண்டன் பட்டத்துக்குத் தாராளமாகப் படிக்கலாம். சென்னை ஹைகோர்ட்டிலோ வேலூர்க் கோர்ட்டிலோ வழக்காட விரும்பும் பெண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. 2008-ல் வேலூரில் அரசாங்கச் சட்டக் கல்லூரி ஏற்பட்டது. மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பள்ளிப் படிப்பு முடித்தவர்க்கு ஐந்து வருஷம், பட்டதாரிகளுக்கு மூன்று வருஷம். லண்டன் கட்டணத்தையோ பவுன் கணக்கில் செலுத்த வேண்டும். அந்தப் பட்டத்தைக் கொண்டு இங்கே வக்கீலாகலாமென்று எந்தத் தரகராவது உறுதி கூறினால், தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதில் கையில் கிடைத்த பிறகு பணத்தை எடுக்கலாம்.