எட்டாம் வகுப்பும் ஆயிரம் ரூபாயும்

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகும் காலையில், மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று மாணவர்களை வரிசைப்படுத்தி, அவர்களுடைய வாயில் பெற்றோர் இனிப்பு ஊட்டும் புகைப்படங்களைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் பார்த்துப் பழகிய நமக்கு, 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அந்த வரிசையை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டபோது, வருஷாந்திர வேடிக்கை ஒன்று போயிற்றே என்ற ஏமாற்றம் சிலருக்கேனும் உண்டாயிற்று. ஆனால் வரிசை ஒழிந்துவிடவில்லை. அது முதல் பக்கத்திலிருந்து இறங்கி, உபகாரச் சம்பளத்துக்கு உரியவர் இன்னார் என்று பொறுக்கி எடுக்கும் காகிதங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காகிதங்களைக் கொஞ்சம் புரட்டினால், யோக்கியதை என்று நாம் மிகுந்த பயபக்தியோடு உச்சரிக்கும் ஒன்று எவ்விதமாக அளக்கப்படுகிறது என்பது தெரியவருகிறது; அவ்வளவு பயபக்திக்கு அது உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பெரிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுக்காக மத்திய அரசு ஆண்டுதோறும் புதிதாக 82,000 உபகாரச் சம்பளங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றில் சரிபாதி பெண்களுக்கு. பட்டப் படிப்புக் காலத்தில் வருஷத்துக்கு 12,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட படிப்புக்கு 20,000 ரூபாயும் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தபால் வழிப் படிப்பு செல்லாது. வேறோர் உபகாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இதையும் வாங்க முடியாது. இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடிய நிபந்தனைகளே. மதிப்பெண்ணைப் பற்றிய நிபந்தனைதான் விசேஷமானது. எண்பது விழுக்காடு எடுத்தவர்களுக்கு என்று விதி சொல்லவில்லை. அந்தந்தப் பரீட்சை வாரியத்தில் தேறியவர்களுள் எண்பதாவது பெர்சன்டைலுக்கு மேல் நிற்பவர்களுக்கு என்று சொல்கிறது. அதாவது, தேறிய நூறு பேரில் எண்பது பேரைப் பின்னால் விட்டுவிட்டு மேலே நிற்கும் இருபது பேருக்குள் ஒருவராக இருக்கவேண்டும். கேள்வித்தாள் இளகிய வருஷத்தில் 85 விழுக்காடு எடுத்தவளும் வெளியே நிற்கக்கூடும். கடினமான வருஷத்தில் 75 எடுத்தவனும் உள்ளே வரக்கூடும். ஒரு பிள்ளையின் யோக்கியதை அவன் என்ன எழுதினான் என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவனோடு கூட எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது.

அந்த இருபது பேருக்கும் கிடைத்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். மொத்த எண்ணிக்கை முதலிலேயே நிர்ணயமாகிவிட்டது. அதை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் ஜனத்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கிட்டு, மாநிலத்துக்கு வந்த பங்கை வாரியங்களுக்குப் பிரித்து, வாரியத்துக்கு வந்ததை விஞ்ஞானம், வணிகம், கலை என்ற மூன்று பிரிவினருக்கும் 3:2:1 என்ற விகிதத்தில் வகுத்து, அதன் பிறகு இட ஒதுக்கீட்டு விதிகளின்படி நிரப்பிக்கொண்டு வந்தால், எந்த மதிப்பெண்ணில் இடங்கள் தீர்ந்துபோகின்றனவோ அந்த மதிப்பெண்ணே அந்த வருஷத்தின் யோக்கியதை ஆகிறது. சரித்திரமும் இலக்கியமும் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் இடம் என்றால் பௌதிகம் படிக்கப் போகிறவர்களுக்கு மூன்று இடம் என்று தராசைச் சாய்த்துவைத்த கை யாருடையது என்று நான் அறியேன்; அந்தக் கைக்கு உரியவர் பள்ளிப் பருவத்தில் சரித்திரப் பாடத்தை ரசித்திருக்க மாட்டார் என்று மட்டும் ஊகிக்கிறேன்.

இடங்கள் அளவுபட்டவை; கேட்பவர்கள் அநேகர்; ஏதாவது ஓர் இடத்தில் கோடு கிழித்தே ஆகவேண்டும். ஆகையால் கோடு கிழித்தவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. கோட்டுக்கு மேலே இருப்பவன் புத்திசாலி, ஒரு மதிப்பெண் குறைந்து கீழே நிற்பவன் அவ்வளவு புத்திசாலி இல்லை என்று ஊரும் உறவும் பேசுவதும், அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடுவதுமே எனக்கு உவப்பில்லாதவை. ஆயினும் இதைவிட முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மேலே நிற்கும் இருபது பேருக்குள் வந்துவிட்ட பிள்ளை, இந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் எப்படியாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடும். கம்மலை அடகு வைத்தாவது, மாமனிடம் கைமாற்று வாங்கியாவது சேர்த்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் குடும்பத்துக்கே ஒரு வீறாப்பு வந்துவிடுகிறது. பணம் உதவியாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படிப்பா, வேலையா என்ற கேள்விக்கு அதற்கு வெகு முன்பே அந்த வீட்டில் பதில் சொல்லியாகிவிட்டது.

அந்தக் கேள்வி எழுவது எட்டாம் வகுப்பின் முடிவில். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் இலவசக் கட்டாயக் கல்விக்கு உத்தரவாதம் அளிக்கிறது; எட்டாம் வகுப்போடு அதன் கை விலகிவிடுகிறது. நம்முடைய கிராமங்களில் நடுநிலைப் பள்ளியும் அந்த வகுப்போடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஊருக்குப் பஸ் ஏறவேண்டும், வயதுக்கு வந்த பெண்ணை அனுப்பலாமா என்று பாட்டி கேட்பாள், பையன் என்றால் பட்டறைக்காரர் ஒருவர் வாரக் கூலி பேசிவிட்டுப் போயிருப்பார். பயிர் பால் பிடிக்கிற வாரத்தில் தண்ணீர் வேண்டும் என்பது உழுகிறவனுக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு வகுக்கப்பட்டது என்று நான் மனமாரப் பாராட்டுவது, 2008இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத்தை. பெயர் வாயில் நுழையாது. ஆசிரியர்கள் சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். என்பார்கள். எட்டாம் வகுப்பில் இடைநிற்றலைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று அதன் விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

நாடு முழுவதுக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியிலோ படிக்கவேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்கவேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 50 போதும். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேற்படக் கூடாது. மனத்திறன் ஒரு தாள், படிப்பறிவு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிஷங்கள். தேறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் வருஷத்துக்கு 12,000. நான்கு வருஷத்துக்குமாக 48,000 ரூபாய். மாதம் ஐந்நூறாக இருந்தது 2017இல் ஆயிரமாயிற்று. அதன் பிறகு அரிசி விலை ஏறியிருக்கிறது, பஸ் கட்டணம் ஏறியிருக்கிறது, அந்த ஆயிரம் ஏறவில்லை.

ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர், கார்த்திகை மாதம் தொடங்கி, பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் இந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். பட்டுத் தறிகள் நிறைந்த பிரதேசம் அது. அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தறிக்குத் தார் சுற்றுவார்கள். ஆகையால் அந்த நேரத்தைப் பெற்றோரிடமிருந்து வாங்குவதே அவருக்குப் பெரிய பிரயத்தனம். நான் போயிருந்த மாலையில், கண்ணாடியில் பார்க்கும்போது கடிகாரம் 3:20 காட்டினால் உண்மையான நேரம் என்ன என்ற கேள்வியை விளக்குவதற்காக, அவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்பி வைத்து, தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கைக்கண்ணாடியை எதிரே பிடித்துக்கொண்டு நின்றார். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “எட்டு நாப்பது சார்” என்றாள். “கண்ணாடியை இன்னும் நீ பாக்கவே இல்லையேம்மா?” என்றார் அவர். “பன்னண்டுலேருந்து கழிச்சா வந்துடுது சார். கண்ணாடி எதுக்கு?” என்று அவள் கேட்டதும் வகுப்பே சிரித்தது, நண்பர் கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டார். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று கணக்குப் பண்ணிக் கொடுக்கும் பரீட்சையில் அந்தச் சிறுமி தேறுவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளைப் போன்ற புத்தி உடையவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பார்கள். கடிகாரத்தைக் கழற்றுகிற ஆசிரியர் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பாரா என்பதுதான் சந்தேகம். 6,695 என்ற அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில், பிள்ளையின் மூளைக்கு உள்ள பங்குக்குக் குறையாத பங்கு ஆசிரியரின் சாயங்காலத்துக்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

யோக்கியதையை மட்டுமே பார்த்து, வருமானத்தைக் கேட்காமல் தந்த உபகாரச் சம்பளம் ஒன்றும் நம் தேசத்தில் இருந்தது. விஞ்ஞானிகளாக வரக்கூடிய பிள்ளைகளைக் கண்டெடுப்பதற்காக 1963இல் டில்லியில் தொடங்கி, பின்னர் தேசம் முழுவதும் பரவி, மற்றப் பாடங்களையும் சேர்த்துக்கொண்ட தேசியத் திறனறித் தேர்வு அது. 2021க்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேர்மாறாக, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், மதிப்பெண் என்ன என்று கேளாமல், மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024இல் பையன்களுக்கும் அதே போன்ற ஒன்று வந்தது. இரண்டில் எது நியாயம் என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் பின்னதையே சொல்வேன். பரிசு வேறு, பிடிமானம் வேறு. பரிசைச் சிலருக்குக் கொடுக்கலாம். இதற்கிடையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று மாநில அரசு நடத்தும் பரீட்சைகளும், கிராமத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் மாவட்டத்துக்கு ஐம்பது ஆண், ஐம்பது பெண் என்று பொறுக்கி, வருஷத்துக்கு (மாதத்துக்கு அன்று) ஆயிரம் ரூபாய் கொடுக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. அந்தக் கடைசித் தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

என்.எம்.எம்.எஸ். திட்டத்தை இவ்வளவு புகழ்ந்த நான், அதில் உறுத்துகிற இரண்டு விஷயங்களையும் சொல்லத்தான் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்காவிட்டால் (பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 55) பதினோராம் வகுப்பிலிருந்து பணம் நின்றுவிடும். இடைநிற்றலைத் தடுப்பதற்காக ஏற்பட்ட உதவி, பிள்ளை தடுமாறுகிற வருஷம் பார்த்து நிற்பது விவேகமாகாது. மற்றொன்று, பரீட்சையில் தேறிவிட்டால் பணம் தானாக வந்துவிடுவதில்லை. எட்டாம் வகுப்போடு அந்தப் பிள்ளை நடுநிலைப் பள்ளியை விட்டு வேறு ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கிருந்து தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போடவேண்டும். அதைப் பள்ளி சரிபார்த்து, பிறகு மாவட்ட அதிகாரி சரிபார்த்து, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உயிரோடு இருந்தால்தான் பணம் விழும். அடுத்த வருஷம் புதுப்பிப்பதற்கு மறுபடியும் அதே படலம். பரீட்சையை நடத்தியதும் சர்க்கார், தாளைத் திருத்தியதும் சர்க்கார், தேறியவர் பட்டியலை வெளியிட்டதும் சர்க்கார். அதன் பிறகு தேறிய பிள்ளையே ‘நான் தேறியிருக்கிறேன்’ என்று சர்க்காருக்கு மனுச் செய்துகொள்ளவேண்டும் என்பது எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ!

புதிய பள்ளிக்கு அந்தப் பிள்ளை இன்னார் என்று தெரியாது. பழைய பள்ளிக்கு அந்தப் பிள்ளை இப்போது சொந்தமில்லை. ஆகையால் என் நண்பர் ஜூன் பிறந்ததும் தேறியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். சென்ற தடவை ஒரு பெண்ணின் விண்ணப்பம் நகராமல் நின்றது. காரணம், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது, ஆதார் அட்டையில் அப்பாவின் முழுப் பெயரும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. தறியில் அரைச் சேலை கிடக்கிறது, வர முடியாது என்ற தகப்பனாரைச் சமாதானம் செய்து, தம்முடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு இரண்டு தரம் போய்த் திருத்தம் செய்துகொடுத்திருக்கிறார். அதற்கு அவருக்குப் பயணப்படி கிடையாது.