வெளிநாட்டுச் சுற்றுலாவில் எதைக் கற்று வருகிறோம்?

எமது வர்த்தக சங்கங்கள் சில, அங்கத்தவர்களைக் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கின்றன. குவாங்சோ கண்காட்சி, யிவு சந்தை, துபாய், கோலாலம்பூர் என்று பட்டியல் நீள்கிறது. நல்ல விடயம்தான். குறைஷியரின் மாரிகால, கோடைகாலப் பயணங்களை அல்குர்ஆனே குறிப்பிடுகிறது. வியாபாரிக்குப் பயணம் புதிதல்ல.

ஆனால் திரும்பி வந்தவரிடம் என்ன கற்றீர்கள் என்று கேட்டால், பொருட்களின் விலையும் ஹோட்டல் வசதியும்தான் பதிலாகக் கிடைக்கின்றன. கொள்வனவு வேறு, கல்வி வேறு. எங்கே என்ன மலிவு என்பதை இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே பார்த்துக் கொள்ளலாம். அந்தச் சரக்கை எப்படி வைக்கிறார்கள், எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், ஊழியரை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஜப்பானியர் நல்ல முன்மாதிரி. யுத்தத்தில் நொறுங்கிய அந்நாட்டில் 1955 இல் உற்பத்தித்திறன் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. முகாமையாளர்களையும் தொழிற்சங்கத்தினரையும் அது குழுக் குழுவாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. டொயோட்டா நிறுவனத்தின் தைஇச்சி ஓனோவும் 1956 இல் அங்கு சென்றார். ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஆனால் அவர் மனதில் அதிகம் பதிந்தவை சுப்பர் மார்க்கட்டுகள்தான். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அங்கு தட்டுகள் மீண்டும் நிரப்பப்படுகின்றன. அதே முறையில், அடுத்த பிரிவு எடுத்துக் கொண்ட அளவுக்கு மட்டும் பாகங்களைச் செய்யும் ஏற்பாட்டை அவர் டொயோட்டாவில் வளர்த்தெடுத்தார். தேவையற்ற இருப்பில் பணம் முடங்குவது குறைந்தது. கார் செய்பவர் கடைக்காரரிடம் பாடம் படித்தார். காரணம், இருப்பைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி பயணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது.

கடை எமது தொழில். ஆனால் எம்மில் பலரது களஞ்சியக் கணக்கு இன்றும் முதலாளியின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. முன்னால் புதுச் சரக்கு, பின்னால் மூன்று வருடமாகத் தேங்கிய சரக்கு. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதி நெருக்கடிக்கு உள்ளானபோது, கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இது இலாப நட்டம் மட்டுமல்ல, மார்க்கக் கடமையும்கூட. விற்பனைச் சரக்கின் பெறுமதியைக் கணக்கிட்டு வருடா வருடம் இரண்டரை சதவீதம் ஸகாத் கொடுக்க வேண்டியவர்கள் நாம். இருப்பு தெரியாதவர் எதை வைத்துக் கணக்கிடுவார்?

கற்பதற்கு எப்போதும் விமானம் ஏற வேண்டும் என்பதுமில்லை. பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, ஜப்பானின் 5எஸ் முறையைப் பின்பற்றிப் பெயர் பெற்றது. தேவையற்றதை அகற்று, உள்ளதை ஒழுங்காக வை, சுத்தமாக வைத்திரு, அதையே விதியாக்கு, பழக்கமாக்கு என்பதே அந்த முறை. 2007 முதல் ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இதைப் பார்த்துப் படிக்க இலங்கைக்கு வந்தார்கள். புறக்கோட்டையிலிருந்து அது எவ்வளவு தூரம்?

எனவே சங்க நிர்வாகிகளுக்குச் சில யோசனைகள். பயணத்துக்கு முன் ஒவ்வொருவரும் தமது கடையில் தீராத ஒரு பிரச்சினையை எழுதிக் கொடுக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் சந்தைக்கு ஒரு நாள் என்றால், ஒரு களஞ்சியத்துக்கும் ஒரு விநியோக நிறுவனத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். முதலாளிமார் மட்டும் போகாமல், கடையை நடத்தும் மகனையோ முகாமையாளரையோ அழைத்துச் செல்லுங்கள். மாற்றத்தைச் செய்யப் போகிறவர் அவர்தான். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள், பார்த்ததில் எதைக் கடையில் செய்தோம் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லட்டும். போக வசதியில்லாத சிறு வியாபாரிகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

இவற்றைச் செய்ய முடியாத சங்கம், உல்லாசப் பயணம் என்றே பெயர் வைத்துப் போகட்டும், தவறில்லை. கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்தால் கல்வியோடு திரும்ப வேண்டும். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.