சீட்டை இறக்க ஒரு ஸ்பிரிங் போதும்

மலை ஏறும்போது சைக்கிள் சீட் உயரமாக இருந்தால்தான் கால் நீட்டி மிதிக்க முடியும். இறங்கும்போதோ அதே சீட் எமன்! உடம்பைப் பின்னால் தள்ள விடாது. முன்சக்கரம் கல்லில் முட்டினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறக்க வேண்டியதுதான்.

கலிபோர்னியாவின் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் 1984-ல் இதற்குக் கண்ட வழி 'ஹைட் ரைட்' என்ற ஒரு ஸ்பிரிங். ஒரு முனை சீட் குழாயில், மறுமுனை ஃபிரேமின் கிளாம்பில். லீவரைத் தளர்த்தி உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்தால் ஸ்பிரிங் தூக்கிவிடும். சீட் பக்கவாட்டில் திரும்பாமலும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு கையை எடுக்க வேண்டியிருப்பது குறைதான்.

கடையில் விற்கும் டிராப்பர் போஸ்ட்டின் விலையைப் பார்த்தால் வீட்டிலேயே செய்யத் தோன்றுவது நியாயமே. ஆனால் அதற்காகக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு ஆணி செருகுவது பைத்தியக்காரத்தனம். பாரம் ஏறும்போது குழாய் முறிவது அந்த ஓட்டையில்தான். முறிந்த முனை எங்கே குத்தும் என்று சொல்லவும் வேண்டுமா? ஹைட் ரைட்டுக்குக் குழாயைத் துளைக்கவே வேண்டியதில்லை. குழாயில் பொறித்திருக்கும் கோடு மட்டும் ஃபிரேமுக்கு வெளியே தெரியக்கூடாது.